தாழ்ப்பாள் கேட்ட மந்திரி

“ஆட்டு” என்கிறாள். ஆறாம் வகுப்புச் சிறுமி தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காதோரம் வைத்து ஆட்டுகிறாள். சத்தம் வரவில்லை. கழுத்துவரை நிறைந்திருக்கும் பாட்டில் சத்தம் போடாது.

“ஃபுல்லு. எப்ப ஊத்துனது?”

“காலையிலக்கா.”

“ஒரு மடக்குகூடக் குடிக்கலையா?”

சிறுமி இல்லையென்று தலையசைக்கிறாள். கேள்வி கேட்டவள் தன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, பேனாவை மறுபடி காதுக்கே அனுப்புகிறாள். “சரி, இறங்கு. அடுத்த ஆளு முன்னாடி வாங்க. வழியில நிக்காதீங்க, வழியில நிக்காதீங்க.”

மாலை நாலேகால் மணி. பள்ளி விட்டு எல்லோரும் வாசலை நோக்கி ஓடும்போது, வாசலுக்குப் பத்தடி முன்னால், நூலக ஜன்னலுக்கு நேர் கீழே இவள் இப்படி மூன்று வாரம் நின்றாள். நான் அந்த நூலகத்தில் வேலை பார்ப்பவள். ஒரு நாள் தவறாமல் பார்த்தேன்.

வயது பதினாலு. ஒன்பதாம் வகுப்பு. கூட்டத்தில் நின்றால் காதிலிருக்கும் பேனா மட்டும்தான் வெளியே தெரியும், அவ்வளவு உயரம். அப்பா பஸ் கண்டக்டர். விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டுவதும், நாலு பேர் சேர்ந்து நின்றால் உள்ளே தள்ளத் துடிப்பதும் அவர் வழியில் வந்தவை. அம்மா ஆஸ்பத்திரியில், ரத்தமும் சிறுநீரும் சோதிக்கிற கூடத்தில் வேலை செய்கிறார். எதையும் அதன் பெயரைச் சொல்லிக் கூச்சமில்லாமல் பேசுவது அம்மா கொடுத்தது. நூலகத்துக்குள் நின்று மூத்திரம் என்ற சொல்லைச் சாதாரணக் குரலில் உச்சரித்த ஒரே ஆள் இவள்தான். பள்ளியில் இவளுக்குப் பெயர் ‘மந்திரி’. கேலிக்கு வைத்தது. ஆனால் கேலியென்று இவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கூப்பிட்டால் “சொல்லுங்க” என்று நோட்டைத் திறந்துவிடுவாள்.

அந்த வருஷம் மாற்றங்களின் வருஷம். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போய்ப் புதியவர் வந்திருந்தார். முதல் நாள் காலைக் கூட்டத்தில் இருபது நிமிஷம் பேசினார். அதில் ‘மாற்றம்’ என்ற சொல் நாற்பத்தொரு தடவை வந்தது. பத்தாம் வகுப்பில் யாரோ எண்ணியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குள் அவர் ‘மாற்றம் சார்’ ஆகிவிட்டார்.

முதலில் பள்ளி மணி போனது. மணியடித்துப் பிள்ளைகளை விரட்டுவது பழைய காலமாம். அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். பாடவேளை முடிந்ததா, இல்லை யாருக்காவது அஞ்சலி செலுத்துகிறார்களா என்று புரியாமல் முதல் வாரம் முழுக்க எல்லோரும் எழுந்து நின்றோம். பிறகு வகுப்புகளின் பெயர் மாறியது. ஒன்பது ‘பி’ என்பது ஒன்பது ‘விடியல்’. ஒன்பது ‘சி’ என்பது ஒன்பது ‘எழுச்சி’. எழுச்சி கடைசிப் பாடவேளையில் வழக்கம்போலத் தூங்கியது. ‘ஃபெயில்’ என்ற சொல் ஒழிக்கப்பட்டு ‘வளர்நிலை’ வந்தது. கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கிய ஒருவன் வீட்டில் போய் “நான் வளர்ந்துட்டேன்பா” என்று சொல்லி, அப்பாவுக்கு விஷயம் விளங்க இரண்டு நாள் ஆனதாம். என் நூலகம் ‘அறிவுச் சோலை’ ஆனது. புதுப் பெயர்ப்பலகை வந்தது. புத்தகம் ஒன்றும் வரவில்லை. எல்லாச் சுவர்களிலும் வாசகங்கள் ஏறின. பெண்கள் கழிப்பறையின் வெளிச்சுவரில் மூன்றடி உயர எழுத்துகளில் ‘தூய்மை எங்கள் மூச்சு’ என்று எழுதினார்கள். எழுதியவர் ஒரு தடவை உள்ளே போய்விட்டு வந்திருந்தால் மூச்சைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டார்.

உள்ளே நிலவரம் இது. ஆறு அறைகள். ஒன்றில் உடைந்த பெஞ்சுகள். இரண்டுக்குப் பூட்டு, மேலே ‘விருந்தினருக்கு மட்டும்’ என்ற பலகை. மிச்சம் மூன்று. மூன்றிலும் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. படிக்கும் பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எனவே உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி நின்று கதவைப் பிடிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் சிநேகிதத்துக்கு அதுதான் இலக்கணம். “அவ எனக்குக் கதவு பிடிப்பா” என்றால் உயிர்த்தோழி. சண்டை வந்தால் முதலில் விழும் வார்த்தை, “இனிமே உனக்கு எவ கதவு பிடிக்கிறான்னு பாக்கறேன்டி.” புதிதாகச் சேர்ந்த பெண்கள் தோழி அமையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழையவர்கள் இன்னும் சுலபமான வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீரே குடிப்பதில்லை.

பள்ளி திறந்த மூன்றாம் மாதம் மாணவர் பேரவை வந்தது. பதினோரு மந்திரிகள். விளையாட்டு இலாகாவுக்கு ஏழு பேர் போட்டி, ஒழுங்கு இலாகாவுக்கு ஒன்பது பேர். அதில் ஒருவன் மூக்குடைந்து வளர்நிலைக்குப் போனான். சுகாதாரத்துக்கு ஒரே ஒரு மனு.

“யாருமே வரலைன்னா சீட்டு காலியாத்தானே போகும் மிஸ். அதான் ஏறிட்டேன்” என்றாள் என்னிடம்.

முதல் அமைச்சரவைக் கூட்டம் என் நூலகத்தில் நடந்தது. உறுதிமொழி, பேட்ஜ், புகைப்படம், ஆளுக்கு இரண்டு பிஸ்கட், கலைதல் என்பதுதான் திட்டம். பிஸ்கட்டுக்கும் கலைதலுக்கும் நடுவில் இவள் கையைத் தூக்கினாள்.

“சார், என் இலாகாவுக்கு என்ன வேலை?”

“விழிப்புணர்வு ஏற்படுத்தறதும்மா.”

“எதைப் பத்தி சார்?”

“சுகாதாரத்தைப் பத்தி.”

“அது எல்லாருக்கும் தெரியும் சார். தாழ்ப்பாள்தான் இல்ல.”

மாற்றம் சார் சிரித்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது; எது சொன்னாலும் சந்தோஷப்படுவார். “அருமையான கருத்து. எழுதிக் குடு” என்றார்.

எழுதிக் கொடுத்தாள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. இரண்டாவது மனுவுக்கு ‘ஆவன செய்யப்படும்’. மூன்றாவது மனுவை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மேலே ‘இம்மாதத்தின் சிறந்த கடிதம்’ என்று எழுதி, ஒற்றுப்பிழை இரண்டைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். நாலாவது மனுவின் பலனாக ஓவியப் போட்டி ஒன்று நடந்தது. தலைப்பு: நான் விரும்பும் கழிப்பறை. நடுவர், சுகாதார மந்திரி. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இளஞ்சிவப்பு ஓடு பதித்து, ஓரத்தில் பூந்தொட்டி வைத்து, கதவில் தங்க நிறத்தில் ஒரு தாழ்ப்பாளும் வரைந்திருந்தாள். அதற்கே முதல் பரிசு. படத்தைச் சட்டம் போட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள்.

“தாழ்ப்பாள் வந்துருச்சு மிஸ். இடம் மாத்தி மாட்டிட்டாங்க” என்றாள்.

பக்கத்து பெஞ்சுக்காரி, நெட்டை என்று பெயர், இவளுக்குக் கதவு பிடிப்பவள். “விட்டுத் தொலைடி. இன்னும் ஒரு வருஷம். பத்தாவது முடிச்சா வேற ஸ்கூலுக்குப் போயிடப் போறோம்” என்றாள்.

“நாம இறங்கிடுவோம். இப்ப ஏறுதுங்களே சின்னதுங்க, அதுங்க?”

நெட்டை பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். நானும் மேஜையில் இருந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், காலைக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுருண்டு விழுந்தாள். மாற்றம் சார் அப்போது மூச்சுப் பயிற்சியின் நன்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று முடிவாகி, மத்தியானமே ‘காலை உணவு கட்டாயம்’ என்று ஒரு புது வாசகம் சுவரேறியது. அந்தப் பெண்ணோ ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவள் விழுந்த மறுநாள் மந்திரி நூலகத்துக்கு வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

“அம்மா லேப்லதான் மிஸ் அவளுக்கு டெஸ்ட் எடுத்தாங்க. அடக்கி அடக்கி வெச்சு மூத்திரத்துல கிருமி, அதுல காய்ச்சல். ‘இந்த மாசம் உங்க ஸ்கூல் யூனிஃபார்ம்ல இது நாலாவது. எங்களுக்கு உங்க ஸ்கூல் நல்லா ஆள் அனுப்புது’ன்னு சொன்னாங்க. எனக்குச் சோறு இறங்கல.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஒரு கோடு போட்ட நோட்டு குடுங்க மிஸ்.”

“இன்னொரு மனுவா?”

“மனு எழுதுனா ஒற்றுப்பிழை பாக்கறாங்க. எண்ணிப் பாக்கறேன். எண்ணிக்கையில ஒற்று வராதுல்ல?”

அப்படி ஆரம்பித்ததுதான் வாசலடியில் நடந்த பாட்டில் சோதனை. பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம், வகுப்புவாரியாகக் கோடுகள். பாதையை மறிக்கிறாள் என்று ஒழுங்கு மந்திரி வந்து மிரட்டினான். “உன் பாட்டிலைக் காட்டு” என்றாள். காலி. “பாத்தியா, நீ குடிச்சிருக்க. போ” என்று அவனுக்கும் ஒரு கோடு போட்டு அனுப்பினாள். ஒரு நாள் நூலகத்துக்குள் வந்தவள் என் மேஜைமேலிருந்த பாட்டிலை எடுத்து ஆட்டினாள். சத்தம் வரவில்லை.

“நீங்களுமா மிஸ்?”

ஆசிரியர்களுக்கு மாடியில் ஒரு கழிப்பறை உண்டு, அதில் தாழ்ப்பாளும் உண்டு, சாவி அலுவலகத்தில், கேட்டு வாங்க வேண்டும், வாங்கும்போது அங்கே நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இவள் கேட்டுக்கொண்டே ஒரு கோடு போட்டாள். ஆறு வருஷமாக நான் எழுதாத மனு அந்தக் கோட்டில் இருந்தது.

மூன்று வார முடிவு: மாலையில் கழுத்துவரை நிறைந்திருந்த பாட்டில், பெண்களில் நூற்றுக்கு எழுபத்தொன்று, பையன்களில் நூற்றுக்கு ஆறு. பையன்களின் நிறைந்த பாட்டில்களில் ஒன்றில் மீன்குஞ்சு இருந்தது. அதனால்தான் அவன் குடிக்கவில்லை.

பிப்ரவரியில் மேலதிகாரி ஒருவர் மாற்றங்களைப் பார்வையிட வந்தார். தலை நரைத்த அம்மாள்; மூன்று மணி நேரம் காரில் வந்திருந்தார்; கூடவே கோப்பு தூக்க இருவர். அவருக்காகப் பேரவையின் கேள்வி நேரம் நடத்திக் காட்டுவதாக ஏற்பாடு. கேள்விகளையும் பதில்களையும் மாற்றம் சாரே எழுதி, பதினோரு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். ‘நம் பள்ளியின் சுகாதாரம் எவ்வாறு உள்ளது?’ என்று சுற்றுச்சூழல் மந்திரி கேட்க வேண்டும். ‘முகம் பார்க்கும் கண்ணாடியைப் போல் உள்ளது’ என்று இவள் சொல்ல வேண்டும். கைதட்டல்.

சுற்றுச்சூழல் கேட்டது. சுகாதாரம் எழுந்தது. “முகம் பார்க்கும்...” என்று ஆரம்பித்து நின்றுவிட்டது.  இவள் விரலை நாக்கில் தொட்டு நோட்டைப் புரட்டினாள்.

“அது எழுதிக் குடுத்த பதில் மேடம். நான் எண்ணுனது வேற” என்று சொல்லிவிட்டு, வகுப்புவாரியாக வாசிக்க ஆரம்பித்தாள். மாற்றம் சார் சாதாரணமாக இருமினார். பிறகு முக்கியமாக இருமினார். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டினார். ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் கிளம்பியது. அதிகாரி அம்மாள் யாருக்கோ அஞ்சலி என்று நினைத்துச் சட்டென்று எழுந்து தலை குனிந்து நின்றார். கோப்புக்காரர்கள் இருவரும் நின்றார்கள்.

“உக்காருங்க மேடம். இது பெல்லுதான்” என்றாள் மந்திரி.

உட்கார்ந்தார். இவள் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு எல்லாம் வாசித்து முடித்தாள். ஏழாம் வகுப்புப் பெண்ணைப் பற்றியும் சொன்னாள். நோட்டை மூடிவிட்டு, அதிகாரியின் மேஜையைப் பார்த்தாள்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க பாட்டிலும் ஃபுல்லாத்தான் இருக்கு.”

 அதிகாரி அம்மாள் தன் பாட்டிலைப் பார்த்தார். அதைப் புதிதாகப் பார்ப்பவர்போல் ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஆமாம்மா. போற இடம் எப்படி இருக்குமோன்னு குடிக்கறதில்ல. இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான்” என்றார். பிறகு எழுந்தார். “நீ சொன்ன இடம் எங்க இருக்கு?”

“மேடம், மாடியில ஸ்டாஃப் பாத்ரூம் நல்லா...” என்று மாற்றம் சார் குறுக்கே வந்தார்.

“இந்தப் பொண்ணு சொன்ன இடம்.”

ஊர்வலமாகப் போனோம். விருந்தினர் அறையைத் திறக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. அலுவலக உதவியாளர் பெரிய சாவிக்கொத்தோடு ஓடி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. பூட்டு தொங்கிய நாளிலிருந்து இந்தப் பள்ளிக்கு வந்த முதல் விருந்தினர் இவர்தான்; துரு உள்ளே குடியேறியிருந்தது. அதிகாரி அம்மாள் முதலில் மரியாதையாக நின்றார். பிறகு இடது கால், வலது கால் என்று மாறி மாறி நின்றார். பதினேழாவது சாவியில் பொறுமை போய், தாழ்ப்பாள் இல்லாத அறைக்கே நடந்தார்.

“நீங்க போங்க மேடம். நான் பிடிச்சுக்கறேன்” என்று மந்திரி இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

வெளியே தலைமையாசிரியர், இரண்டு கோப்புக்காரர்கள், பத்து மந்திரிகள், நான். எங்கே பார்ப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து ‘தூய்மை எங்கள் மூச்சு’ என்பதை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது.

“இருக்கியாம்மா?”

“இருக்கேன் மேடம். மெதுவா வாங்க.”

வெளியே வந்தவர் குழாயைத் திருகினார். காற்று வந்தது. தன் பாட்டிலைத் திறந்து அந்தத் தண்ணீரிலேயே கை கழுவினார். மாற்றம் சாரைப் பார்த்து “அடுத்த வாரம் மறுபடி வருவேன்” என்றார். அன்றைக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். புல்லாங்குழலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆறே நாளில் எல்லாம் நடந்தது. ஐந்து அறைகளுக்கும் எஃகுத் தாழ்ப்பாள். விருந்தினர் பலகை கழன்றது. உடைந்த பெஞ்சுகள் வெளியேறி ஆறாவது அறையும் கிடைத்தது. குழாயில் தண்ணீரும் வந்தது. திறப்பு விழாவில் மாற்றம் சார் ரிப்பன் வெட்டி, இது தம் நெடுநாள் கனவு என்றார். பரிசு பெற்ற ஓவியத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். கல்வெட்டில் அவர் பெயரும் தேதியும் இருந்தன. மந்திரி கடைசி வரிசையில் நின்று, எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். அந்த மாத மதிப்பெண் அட்டையில் இவளுக்கு ‘ஒழுங்கு: வளர்நிலை’ என்று போட்டிருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம். அம்மா மட்டும் மாதக் கடைசியில், “உங்க ஸ்கூல்ல இருந்து ஒரு ஆளும் வரல இந்தத் தடவை” என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது இவள் காது மடல் சிவந்திருந்தது.

மார்ச் முதல் வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வு நெருங்குவதால் பேரவை கலைக்கப்படுகிறது. வரும் ஆண்டிலிருந்து மந்திரிகளைத் தலைமையாசிரியரே தேர்ந்தெடுப்பார். மந்திரிகள் தங்கள் பேட்ஜை உடனே ஒப்படைக்க வேண்டும். அலுவலக உதவியாளர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நூலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். விளையாட்டு தூரத்திலிருந்தே குறி பார்த்து எறிந்தது. ஒழுங்கு தன் பேட்ஜைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னது. இவள் கடைசியாக வந்து, சட்டைப் பையில் குத்தியிருந்த பேட்ஜை ஊசியோடு கவனமாகக் கழற்றி டப்பாவில் வைத்தாள்.

“ரசீது குடுங்கண்ணே.”

“இதுக்குப் போயி ரசீதாம்மா?”

“வாங்கிக்கிட்டா எழுதிக் குடுக்கணும்ணே. நாளைக்கு நான் குடுக்கலன்னு ஆயிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். ‘சுகாதாரம், ஒன்று, பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இவள் அதை இரண்டு தடவை படித்து, மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் அறிவியல் புத்தகத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு குனிந்து சட்டைப் பையைப் பார்த்தாள். ஆறு மாதம் ஊசி இருந்த இடத்தில் துணியில் இரண்டு சின்ன ஓட்டைகள். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கட்டைவிரல் நகத்தால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, நூலை நூலோடு நெருக்கிக்கொண்டிருந்தாள்.